கப்பலில் போன அந்தோனிப்பிள்ளையை நான் சாகடித்த கதை

பதிவேட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குத் தும்மல் இன்னும் நிற்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அது ஓய்வூதியம் எடுத்த பிறகும் நிற்காது. இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். எந்த விண்ணப்பத்துக்கு எந்தப் படிவம், எங்கே முத்திரை ஒட்டுவது என்பதெல்லாம் சுற்றறிக்கையில் இருக்கிறது. அதை வாசிக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு என்னிடம் கேட்க வரவேண்டாம். நான் சொல்லப்போவது சுற்றறிக்கையில் வராத ஒரு விஷயம். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளோடு முப்பத்து நான்கு வருடம் குடித்தனம் நடத்திய நான், கையில் ஆதாரம் இல்லாமல் ஒரு மனிதருக்கு மரணம் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். என் பிழைகளில் வெளியே சொல்லக்கூடியது இது ஒன்றுதான். மற்றவை என்னோடு போகட்டும்.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. முல்லைத்தீவில் வேலை, கனகராயன்குளத்தில் வீடு. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் யேசுதாசன் என்று ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கரையோரக் கத்தோலிக்கக் கிராமம் ஒன்றில் கடற்றொழில் செய்பவர். கதிரையைக் காட்டினேன், நுனியில் இருந்தார். கையில் ஒரு துண்டுக் கடுதாசி வியர்வையில் நனைந்து போயிருந்தது.

அவருடைய மகள் ஜெனிற்றாவுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கண்டாவளைப் பக்கம். நாலு வருடம் இரண்டு வீட்டாரையும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கிய கலியாணம். கத்தோலிக்கர்கள் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சபையில் அறிவிப்பது. முதலாம் ஓலை வாசித்த அன்றே கதை கிளம்பிவிட்டது.

"மாப்பிள்ளையின்ர பூட்டன் கற்பிட்டியில இருந்த கப்பற்காரனாம், மிஸ். ஆள் ஆதியில முல்லைத்தீவுக் கரைப்பக்கமாம். பேர் அந்தோனிப்பிள்ளையாம்."

"கரையில அந்தோனிப்பிள்ளைக்கு என்ன பஞ்சம்? தடக்கி விழுந்தா ஒரு அந்தோனிப்பிள்ளையிலதான் விழவேணும்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "என்ர அப்பாவின்ர தகப்பனும் அந்தோனிப்பிள்ளைதான். அவரும் பாய்க்கப்பலில பர்மாவுக்குப் போனவர்தான். திரும்பி வரேல்லை."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு அந்தோனிப்பிள்ளையும் ஒரே ஆளென்றால், கற்பிட்டியில் அவருக்குப் பிறந்த மகன்தான் மாப்பிள்ளையின் அப்பப்பா. ஆனையிறவு உப்பளத்துக்கு வேலைக்கு வந்து இந்தப் பக்கம் தங்கியவர். இங்கே பிறந்த மகன் பெண்ணின் அப்பப்பா. தகப்பன் ஒருவர், தாய் வேறு. அப்படியானால் பெண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கை முறை.

"கோவில் சட்டத்தில இவ்வளவு தூரத்து உறவுக்குத் தடையில்லை எண்டு பாதர் சொல்லுறார். எங்கட சனம் விடுமே, மிஸ்? தமையனைக் கட்டினவள் எண்டு சாகும்வரைக்கும் கதைக்குங்கள். மாப்பிள்ளையின்ர தாய் சொல்லிப்போட்டா, எழுத்தில ஏதும் இருந்தாக் கொண்டு வாங்கோ, இல்லாட்டி மூண்டாம் ஓலைக்கு முதல் நிப்பாட்டுவம் எண்டு. பிள்ளை மூண்டு நாளாச் சாப்பிடேல்லை."

"உங்கட அப்பா இருக்கிறாரோ?"

"ஓம். எண்பத்தைஞ்சு வயசு. அவருக்கு இதொண்டும் தெரியாது. சொன்னாத் தாங்கமாட்டார், பிறஷர். அவரைக் கேக்க வேண்டாம், மிஸ்."

சரி என்றேன். இந்தச் 'சரி'தான் முதல் பிழை. அதைப் பிழையென்று அறிய எனக்கு எட்டு நாளானது.

அந்தக் காலத்துக்குரிய எங்கள் இறப்புப் பதிவேடு இடப்பெயர்வில் போய்விட்டது. எந்தக் கிராமத்தில், எந்த மரத்தின் கீழ் கிடந்து உக்கியதோ தெரியாது. ஆனால் அந்தக் கிராமக் கோவில் பங்கின் நல்லடக்கப் புத்தகம் தப்பியிருந்தது. சுனாமிக்கும் தப்பி, பிறகு ஒரு சுவாமியாரின் பயணப் பையில் ஊர் ஊராக அலைந்து திரும்பி வந்த புத்தகம். அன்று பின்னேரமே யேசுதாசனோடு போய்ப் புரட்டினேன். அரை மணித்தியாலத்தில் ஆள் அகப்பட்டார். அந்தோனிப்பிள்ளை, தகப்பன் பேதுருப்பிள்ளை, தொழில் கப்பற்காரர். நல்லடக்கத் திகதி இருந்தது. சுவாமியாரின் கையெழுத்து இருந்தது. இறந்த திகதி எழுதும் இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

அதை நான் கண்டேன். காணவில்லை என்று உங்களிடம் பொய் சொல்லப்போவதில்லை. பழைய புத்தகங்களில் வெறும் இடங்கள் சகஜம்தானே என்று நினைத்தேன். கப்பலில் போய்த் திரும்பாத மனிதர் ஊர்ச் சேமக்காலையில் எப்படிப் புதைக்கப்பட்டார் என்ற கேள்வியும் வராமல் இல்லை. கப்பல் எங்காவது உடைந்து உடல் கரை ஒதுங்கியிருக்கும் என்று நானே ஒரு கதையைக் கட்டி அந்தக் கேள்வியின் வாயை அடைத்தேன். யேசுதாசனும் துணைக்கு வந்தார்: "சேமக்காலையில அவற்ர கல்லறை இருக்கு, மிஸ். அப்பா ஒவ்வொரு மரிச்ச ஆக்களின்ர நாளும் போய் மெழுகுதிரி கொளுத்துறவர்."

கல்லறையே இருக்கும்போது வேறென்ன வேண்டும்? அலுவலகத்துக்குத் திரும்பிக் கடிதம் எழுத இருந்தேன். அவர் நிமிடத்துக்கு ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி பஸ் போய்விடும், நாளைக்குக் காலையில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கடிதத்தைக் கொண்டுபோக வேண்டும், நாளை மறுநாள் இரண்டாம் ஓலை. 'மேற்படி அந்தோனிப்பிள்ளை தமது சொந்த ஊரில் இறந்து, அவ்வூர்ச் சேமக்காலையில் நல்லடக்கம் செய்யப்பட்டுள்ளார்' என்று எழுதினேன். நல்லடக்கம் என்பது புத்தகத்தில் இருந்தது. 'இறந்து' என்பதை நான் சேர்த்தேன். அந்த மனிதரின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சேர்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அவர் கடிதத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். எனக்கும் பெருமை தலைக்கேறியது.

அடுத்த புதன்கிழமை அந்தக் கிராமத்துப் பாடசாலையில் நடமாடும் சேவை. காலையிலிருந்து அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் சனம் வரிசையில் நின்றது. சாப்பாட்டு நேரத்தில் கால் நீட்டி நடக்கலாம் என்று வெளிக்கிட்டபோது, கோவில் காரியம் பார்க்கும் மூப்பரும் கூட வந்தார். சேமக்காலை பக்கத்தில்தான் இருந்தது. போகிற போக்கில் என் அந்தோனிப்பிள்ளையையும் பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன்.

கடல் பக்க மூலையில் சின்னச் சின்னக் கல்லறைகள் ஒரு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் என் கை நீளம்தான் வரும். எனக்கு மனது கஷ்டமாகிவிட்டது.

"இவ்வளவு பிள்ளையளோ செத்தது?" என்று கேட்டேன்.

"பிள்ளையளோ? இல்லை, மிஸ்," என்றார் மூப்பர். "இதெல்லாம் கடலோட போன ஆக்கள். முந்தி எங்கட ஊரில ஒரு வழக்கம். ஆள் திரும்பி வரேல்லை, உடலும் கிடைக்கேல்லை எண்டால், ரெண்டு வருசம் பாத்திட்டு அவற்ர உடுப்பைப் பெட்டியில வச்சுப் புதைக்கிறது. உடுப்புக்குப் பெரிய குழி என்னத்துக்கு? சுவாமி வந்து மந்திரிச்சு, புத்தகத்திலயும் பதிவார். இல்லாட்டி அந்தப் பொம்பிளை என்னெண்டு இருக்கிறது? தாலி அறுத்தவளும் இல்லை, கட்டினவளும் இல்லை எண்டெல்லோ கதைப்பினம்."

நாலாவது கல்லறையில் அந்தோனிப்பிள்ளையின் பெயர் இருந்தது.

எப்படிப் பாடசாலைக்குத் திரும்பி வந்தேன், பின்னேரம் வரை யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. நான் சாகடித்த மனிதர் இந்த மண்ணுக்குள் இல்லை. ஒரு பெட்டி உடுப்புக்கு மரணம் எழுதியிருக்கிறேன். அந்த எழுத்தை நம்பி இரண்டாம் ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது. அதற்கடுத்த புதன் கலியாணம்.

என்னோடு வேலை செய்த பிள்ளையிடம் மட்டும் சொன்னேன். அவளும் என் மேல் உள்ள அன்பில்தான் சொன்னாள்: "அக்கா, பேசாமல் இருங்கோ. கலியாணம் முடிஞ்சால் ஆர் அந்தக் கடிதத்தைத் தேடப்போகினம்? பென்சன் எடுக்கிற நேரத்தில ஏன் வில்லங்கத்தை விலைக்கு வாங்குறியள்?"

அவள் சொன்னதைக் கேட்கத்தான் எனக்கும் ஆசையாக இருந்தது. இதை மறைக்காமல் சொல்கிறேன். பிழையான கடிதம் கொடுத்த உத்தியோகத்தரின் ஓய்வூதியக் கோவை எத்தனை மேசையில் எத்தனை வருடம் தூங்கும் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வாயைத் திறந்தால் ஒரு பெண்ணின் கலியாணம் நின்றுபோகும். திறக்காவிட்டால் என்றைக்கோ ஒருநாள், அவளுக்குப் பிள்ளை பிறந்த பிறகு, யாரோ ஒருவர் அந்தச் சின்னக் கல்லறையைக் காட்டிக் கதைப்பார். அன்றைக்கு என் கடிதம் அவளுக்குக் குடை பிடிக்காது.

அந்த அங்கலாய்ப்பில்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம் புத்தியில் பட்டது. ஒருவர் செத்ததற்கு எழுத்தைத் தேடி ஓடிய நான், அவர் உயிரோடு கையெழுத்து வைத்த இடம் எங்கே என்று தேடவே இல்லை. கற்பிட்டியில் பெண் எடுத்தவர் என்றால் அங்கே விவாகப் பதிவு இருக்க வேண்டும். விவாகப் பதிவில் தகப்பன் பெயரும் இருக்கும். முன்பு ஒரு பயிற்சியில் பழகிய பதிவாளர் ஒருவர் அந்தப் பக்கம் இருந்தார். தொலைபேசியில் கெஞ்சினேன். சனிக்கிழமை காலை அவர் பழைய பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். அதைப் பிரதி எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுவதும் அந்தப் பை மடியில் கனத்தது.

வீட்டு முற்றத்தில் பந்தலுக்குக் கால் நாட்டிக்கொண்டிருந்தார்கள். குசினியில் பலகாரம் சுடும் மணம். கெட்ட நேரத்துக்கு மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் கூறைச் சேலையோடு வந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் யேசுதாசன், "இவாதான் எங்களுக்குக் கடிதம் தந்த மிஸ்," என்று எல்லாருக்கும் காட்டினார். ஜெனிற்றா கையில் மாவோடு ஓடி வந்து, கும்பிடுவதா கையைப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றாள். மெல்லிய பிள்ளை, கண்ணைச் சுற்றிக் கருவளையம். நான் தேத்தண்ணிகூடக் கேட்கவில்லை. இருந்தால் சொல்லமாட்டேன் என்று பயந்து நின்றபடியே சொன்னேன்.

"நான் தந்த கடிதம் பிழை. அந்தக் கல்லறைக்குள்ள ஆள் இல்லை, உடுப்புத்தான் இருக்கு. கடிதத்தைத் திருப்பித் தாங்கோ."

பந்தல்கால் நாட்டியவர்கள் அலவாங்கைக் கீழே வைத்தார்கள். ஜெனிற்றா தன் தாயைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தாய் கூறைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த இழுப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

"அப்ப அந்தக் கற்பிட்டி ஆள் ஆர்?" என்று யேசுதாசன் கேட்டார்.

"அவற்ர விவாகப் பதிவு என்னட்ட இருக்கு. ஆனா ஆளை அடையாளம் சொல்லுறது நான் இல்லை. நான் எழுதுறவள். அடையாளம் சொல்லவேண்டியவர் அவற்ர மகன். ஐயாவோட தனியக் கதைக்கவேணும்."

நான் தேடிய மகன், யேசுதாசனின் தகப்பன் சவிரிமுத்து ஐயா, வீட்டுக்குப் பின்னால் நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஆள் நல்ல திடகாத்திரம். பிறஷர் எங்கே இருந்ததோ தெரியாது. பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கை நிற்காமல் வலையைப் பொத்தியபடி கேட்டார்.

"உடுப்பெண்டு எனக்குத் தெரியும், பிள்ளை," என்றார். "அம்மா பெட்டியில வைக்கேக்க நான் பக்கத்தில நிண்டனான். எனக்கு நாலு வயசு. நீலச் சட்டை ஒண்டும் வேட்டி ஒண்டும்."

"ஏன் ஐயா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே."

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு மாவட்டப் பதிவேடுகளைக் கிளறிய நான், வாயைத் திறந்து பதில் சொல்லக்கூடிய ஒரே சாட்சியைக் கேட்கவில்லை. அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவரை உயிரோடு ஓரமாக வைத்துவிட்டோம்.

"வாசியுங்கோ," என்றார். "ஒண்டும் விடாமல் வாசியுங்கோ."

வாசித்தேன். மணமகன் அந்தோனிப்பிள்ளை. சொந்த ஊராக இந்த ஊர். தகப்பன் பெயர் பேதுருப்பிள்ளை, தொழில் சம்மாட்டி, அதாவது சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்துபவர். அந்தக் காலத்தில் இந்த ஊரில் பேதுருப்பிள்ளை என்று ஒரேயொரு சம்மாட்டிதான் இருந்தார். அது ஐயாவுக்குத் தெரியும் என்று அவருடைய கையைப் பார்த்தே அறிந்துகொண்டேன். ஊசி நின்றுவிட்டது. விவாகத் திகதியையும் வாசித்தேன். அதற்கடுத்த வரியில் என் குரல் தடக்கியது. அதை விட்டுவிட்டுக் கீழே போகலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஏற்கெனவே ஒரு சொல்லை என் விருப்பத்துக்குச் சேர்த்துப் பட்ட பாடு போதும். விவாக நிலை: தாரமிழந்தவர்.

"அப்பிடியெண்டால்?"

"பெண்சாதி செத்துப்போன ஆள் எண்டு, ஐயா."

அவர் விரல் விட்டு எண்ணினார். "எனக்கு அப்ப எட்டு வயசு," என்றார். அவ்வளவுதான். வலையை மடித்து வைத்தார், எழும்பி முன்பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன்.

முற்றத்தில் எல்லாரும் அப்படியே நின்றார்கள். ஐயா பேத்தியைப் பார்த்தார், கூறைப் பெட்டியைப் பார்த்தார்.

"அது வேற அந்தோனிப்பிள்ளை," என்றார் சத்தமாக. "எங்கட அப்பா கடலில போனவர். மகன் நான் சொல்லுறன். வேற ஆர் சொல்லவேணும்? பந்தல் வேலையைப் பாருங்கோ."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிரதி என் பைக்குள் இருந்தது.

"ஐயா சொல்லுறதுதான்," என்றேன்.

நான் செய்தது சரியா என்று நீங்கள் தேத்தண்ணி நேரத்தில் சண்டை பிடிக்கலாம். என் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன், புதிதாக எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அடையாளம் சொல்லும் உரிமை உள்ளவர் சொன்னார், நான் அதற்கு மேல் என் சொல்லைச் சேர்க்கவில்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்கிறேன். சில நாள் அது போதுமாக இருக்கிறது, சில நாள் இல்லை. ஆனால் அன்று அந்த முற்றத்தில் நான் அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன். அவள் தப்பிவிட்டாள் என்ற நிம்மதியில் தேத்தண்ணியும் ஒரு பயற்றம் பணியாரமும் சாப்பிட்டேன்.

பஸ்ஸுக்கு வெளிக்கிட்டபோது ஐயா படலை வரை கூட வந்தார். மரியாதைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, ஒரு சின்னக் கேள்வி."

"கேளுங்கோ, ஐயா."

"அந்தப் பதிவில அம்மா செத்துப்போனா எண்டு கிடக்கல்லோ. அவா அப்ப சாகேல்லை. இந்தக் கரையில கருவாடு காயப்போட்டு என்னை வளத்துக்கொண்டு இருந்தவா. எனக்கு நாப்பது வயசாகும்வரைக்கும் இருந்தவா. அது பிழைதானே?"

"பிழைதான், ஐயா."

"பிழை திருத்துறதும் உங்கட கந்தோரிலதானே. அதைத் திருத்தேலாதோ? அம்மா உயிரோட இருந்தவா எண்டு ஒருக்கா எழுதினாப் போதும்."

எத்தனை ஆயிரம் பேருக்கு எழுத்துப் பிழையும் திகதிப் பிழையும் திருத்திக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு திருத்தத்தை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"விண்ணப்பிச்சுப் பாக்கலாம், ஐயா. ஆனா விண்ணப்பிக்கிற ஆள், அந்தாளுக்குத் தான் என்ன உறவு எண்டு எழுதிக் கையெழுத்து வைக்கவேணும்."

"மகன் எண்டு எழுதவேணும்."

"ஓம், ஐயா."

முற்றத்தில் யாரோ பகிடி விட்டார்கள். ஜெனிற்றா சிரிக்கிற சத்தம் படலை வரைக்கும் கேட்டது. ஐயா திரும்பி அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப விடுங்கோ, பிள்ளை," என்றார். "அம்மா கோவிக்கமாட்டா."